கோட்டுக்காரரின் இடது கால்

அந்தத் துணிக்கடையில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர். மூன்றாம் மாடியில், ஆண்களுக்கான கோட்டு சூட்டுப் பிரிவில் இருபத்து நான்கு வருஷம் நின்றவர். ஒருவர் படியேறி வரும்போதே தோள் அளவைச் சொல்லிவிடுவார். இஞ்ச் டேப் கழுத்தில் தொங்குமே தவிர, அதற்கு வேலை கொடுத்ததை யாரும் அதிகம் பார்த்ததில்லை.

அவர் நடையும் கடையில் பிரசித்தம். தலை போகிற அவசரமானாலும் கோட்டுக்காரர் ஓட மாட்டார். ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்து, அமைச்சர் மேடைக்கு வருவது போல வருவார். வாடிக்கையாளர்கள் அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அவரால் வேகமாக நடக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது இடது காலின் சதையையும் கொண்டுபோய்விட்டது. முட்டிக்குக் கீழே அந்தக் கால் ஒரு மணிக்கட்டின் கனம்தான். குதிகால் தரையில் முழுதாகப் பதியாது. பள்ளிக்கூடத்தில் அரை டிராயர் போட்ட பத்து வருஷமும் அவருக்குக் கொக்கு என்று பெயர். ஒருநாள் வாத்தியாரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, வகுப்பு சிரித்ததும் தானும் சேர்ந்து சிரித்துவிட்டார். பிள்ளைகளை அவர் எப்போதோ மன்னித்துவிட்டார். வாத்தியாரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

முழுக்கால் சட்டை போட்ட நாளில்தான் அவருக்கு உயிர் வந்தது. சூட்டுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான். கோட்டு சூட்டு போட்டு நிற்கிற வேலையில் காலை எவன் பார்க்கப் போகிறான்? சேர்ந்த புதிதில், கீழ்த்தளத்தில் ஆல்டரேஷன் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தையல்காரரிடம் பேண்ட்டைக் கொடுத்து, இடது பக்கம் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்றார். தையல்காரர் அவர் நிற்பதை ஒருமுறை பார்த்தார். மறுநாள் இடது காலுக்கு மட்டும் உள்துணி இரட்டையாக வைத்து, முழுக்க விறைப்பாகத் தைத்துக் கொடுத்தார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததற்காகவே கோட்டுக்காரர் அவரைத் தன் ஆயுள்கால நண்பராக்கிக்கொண்டார்.

ஆக, இப்போது அந்தக் காலைப் பற்றித் தெரிந்தவர்கள் அவரைத் தவிர இரண்டே பேர். ஒருவர் தையல்காரர். இன்னொருவர் மனைவி. மனைவிக்கு அந்தக் கால் ஒரு விஷயமே இல்லை. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சி பார்த்தபடியே ஒத்தடம் கொடுப்பாள். காலைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். கைக்குப் பழகிய பாத்திரத்தைத் துலக்குவது போலத்தான் இருக்கும். இருபத்தேழு வருஷம் இப்படியே போயிற்று.

அவருக்கு ஐம்பத்தாறு வயதானபோது கோட்டு விற்பது நின்றுபோனது. வெயில் ஏறிக்கொண்டே போகிற உலகத்தில் எவன் கோட்டு போடுவான் என்று தலைமை அலுவலகம் முடிவு கட்டியது. மூன்றாம் மாடியைக் காலி செய்து, கோட்டுகளை மூட்டை கட்டினார்கள். கோட்டுக்காரரைத் தரைத்தளத்துக்கு இறக்கிக் கோடைக்கால உடைப் பிரிவில் நிறுத்தினார்கள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். அதற்கு முன்னால் தானாக விலகினால் ஓய்வூதியம் கிடையாது என்பது கடையின் சட்டம். சரி, எங்கே நின்றால் என்ன, நிற்கிற வேலைதானே என்று இறங்கி வந்தார்.

வந்த முதல் நாளே மேலாளர் ஒரு பொட்டலத்தையும் ஓர் அட்டையையும் நீட்டினார். மேலாளருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரப் பெண், கெட்ட பெண் இல்லை. பொட்டலத்துக்குள் லினன் ஷார்ட்ஸ், மணல் நிறம்.

"சார், இந்த செக்‌ஷன்ல விக்கிறதையே நாம போட்டுக்கணும். ஹெட் ஆபீஸ் ரூல். எப்படிப் போடணும்னு அட்டைல இருக்கு, படிச்சுப் பாத்துக்குங்க."

கோட்டுக்காரர் பொட்டலத்தை மறுபடி மூடினார். "லினன்லயே ஃபுல் பேண்ட்டும் இருக்கே மேடம். நான் அதைப் போட்டுக்கறேனே. வயசான ஆளு..."

"பேண்ட் தானா போயிடும் சார். ஷார்ட்ஸைத்தான் தள்ள வேண்டியிருக்கு. உங்க வயசுக்காரங்க வந்து, நமக்கெல்லாம் இது நல்லா இருக்குமான்னு யோசிக்கிறாங்க. நீங்க போட்டு நின்னா யோசிக்க மாட்டாங்க. வேற ஏதாவது பிரச்சினையா? கால்ல கீல்ல ஏதாவது?"

இதோ, வாசல் திறந்துதான் இருந்தது. ஆமாம் மேடம், கால் இப்படி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பெண் வாயடைத்துப்போய், பேண்ட்டையே கொடுத்திருக்கவும் கூடும். ஆனால் ஐம்பது வருஷம் மூடி வைத்த வாய் திடீரென்று திறக்குமா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த நிமிஷத்திலேயே மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துவிட்டது.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நான்காம் நம்பர் ட்ரையல் ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். மூன்று பக்கமும் கண்ணாடி, ஒரு ஸ்டூல், இரண்டு கொக்கி. கதவு தரைவரை இறங்காது, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கும். ஷார்ட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு காலை மறைக்கப் பார்த்தவருக்கு முன்னால் மூன்று இடது கால்கள் நின்றன. அவருக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு முழம் துணியை மிச்சம் பிடித்து மனிதனை இந்தப் பாடு படுத்துகிறான்களே என்று இருந்தது.

ஆனால் வேலைக்காரன் வேலைக்காரன்தான். அன்று மதியமே, பேண்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு, அட்டையைத் தையல்காரரிடம் எடுத்துக்கொண்டு போய், மெஷின் பக்கத்தில் நின்று சத்தமாகப் படித்தார். ஷார்ட்ஸ் முட்டிக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். சட்டையின் முன்பக்கம் மட்டும் லேசாக உள்ளே, பின்பக்கம் வெளியே. பெல்ட் தோலில் கூடாது, பின்னல் துணியில் இருக்கலாம். இஸ்திரி மடிப்பு கூடாது. கசங்கலும் கூடாது. தானாக விழுந்தது போன்ற சுருக்கம் மட்டும் இருக்கலாம். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மடியில் விழும் கசங்கல் தூங்கி எழுந்தவன் தோற்றத்தைத் தரும்.

"தானா விழுந்த மாதிரி சுருக்கத்தை நாம போடணுமாம்" என்றார் கோட்டுக்காரர்.

"போட்டுட்டாப் போச்சு" என்றார் தையல்காரர். "அது கெடக்கட்டும். இதுக்கு என்ன பண்ணப் போறே?" என்று முதல் முறையாக இடது காலைப் பார்த்துக் கேட்டார்.

அட்டையின் கடைசி வரியில் அவர்களுக்கு ஒரு சந்து கிடைத்தது. சாக்ஸ் அணிந்தால் நிறம் பொருந்த வேண்டும் என்று மட்டும் போட்டிருந்தது. எவ்வளவு நீளம் என்று யாரும் எழுதவில்லை. தையல்காரர் எழுந்து போய், மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிய மூட்டைகளில் ஒன்றை அவிழ்த்தார். கோட்டுத் தோளுக்குள் வைத்துத் தைக்கும் பஞ்சுத் துண்டுகள் அதில் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அதில் ஐந்தை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கத்தரியால் சீவிச் சீவி, முட்டி வரை ஏறும் பச்சை சாக்ஸுக்குள் வைத்து உள்ளிருந்து தைத்தார். மாட்டிப் பார்த்தால், அசல் கெண்டைக்கால்! வலது காலைவிடச் செழிப்பாகவே இருந்தது.

"ஊரான் தோளையெல்லாம் நிமித்தினே. இப்ப அது உன் காலை நிமித்துது" என்றார் தையல்காரர். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிப்புதான் வந்தது.

கோட்டுக்காரர் லினனைப் படிக்க ஆரம்பித்தார். கோட்டுத் துணி சொன்ன பேச்சைக் கேட்கும். லினன் கேட்காது, கெஞ்சித்தான் வேலை வாங்க வேண்டும். தண்ணீரைத் தூவி, உள்ளங்கையால் தட்டி, பத்து நிமிஷம் தொங்கவிட்டு எடுத்தால் அட்டை சொன்ன சுருக்கம் வந்தது. மணல் நிற ஷார்ட்ஸுக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டால் ஆள் காணாமல் போய்விடுகிறான், கருநீலம் போட்டால் எழுந்து நிற்கிறான் என்று கண்டுபிடித்தார். கனத்த தொடைக்காரருக்கு அகலக் கால், குள்ளமானவருக்கு முட்டி தெரியும் உயரம், தொந்திக்காரருக்கு சட்டையை வெளியே விடுவதுதான் மரியாதை. ஒரு மாதத்தில் அந்தப் பிரிவில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அதுதான் வினையாக முடிந்தது. ஷார்ட்ஸ் வாங்க வந்த நடுவயதுக்காரர்கள் அவர் காலைக் காட்டி, அந்தப் பச்சை சாக்ஸும் வேண்டும் என்றார்கள். சுமாராக நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவருக்கோ சுமாராக நிற்கத் தெரியாது. மேலாளர் அதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். முட்டி வரை சாக்ஸ்தான் இந்தக் கடையின் அடையாளம், கோடை முடிந்தாலும் தொடரலாம் என்று பதில் வந்தது.

தொடர்வது யார்? காலையில் பத்து மணிக்கு அந்தப் பஞ்சுக்குள் காலை நுழைத்தால் இரவு எட்டுக்குத்தான் எடுக்க முடியும். வியர்வையைக் குடித்துக் குடித்து மதியத்துக்குள் பஞ்சு கனத்துவிடும். கனத்தால் கீழே இறங்கும். மணிக்கொரு தரம் நான்காம் நம்பர் அறைக்குப் போய், தாழ்ப்பாள் போட்டு, இழுத்து விட்டுக்கொண்டு வர வேண்டும். ஒருநாள் பஞ்சு திரும்பிப் போய்க் கெண்டை முன்பக்கம் வந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் குனிந்து பார்த்து, "அடிபட்டுதா சார்? கால்பந்து ஆடுவீங்களோ?" என்று கேட்டார். "சின்ன வயசுல" என்றார் கோட்டுக்காரர். வாழ்க்கையில் ஒரு பந்தை உதைத்திராத மனிதர். அதற்கு மறுநாளே அவர் கால்பந்து வீரர் என்று கடை முழுக்கப் பேச்சாகிவிட்டது.

உட்காரவும் முடியாது. உட்கார்ந்தால் துணி கசங்கும், சாக்ஸ் இறங்கும். சுற்றிலும் நாற்காலி போட்ட கடையில் பத்து மணி நேரம் நின்றார். வெந்த சதை தடித்து, பிறகு சிவந்து, புண்ணாக ஆரம்பித்தது. வீட்டில் எதுவும் சொல்லவில்லை. காலையில் பேண்ட் போட்டுக்கொண்டு கிளம்பி, கடையில் மாற்றிக்கொண்டு, மாலையில் பேண்ட்டோடு திரும்பினார். மனைவி வெந்நீரோடு வந்தபோது, "வேண்டாம், இப்ப வலி இல்ல" என்று காலை இழுத்துக்கொண்டார். புண்ணைப் பார்த்தால் கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும்.

நாலு நாள் பொறுத்துவிட்டு அவள் கேட்டாள். "ஏங்க, என் கை ஆகாமப் போச்சா?"

அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவள் வெந்நீர் வைக்கவில்லை.

அடுத்து போட்டோ எடுக்க வந்தார்கள். முகம் வேண்டாம், முட்டியிலிருந்து ஷூ வரை போதும் என்றார் போட்டோகிராபர். இரண்டு காலையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு மரப்பெட்டியைக் காட்டி, "இடது காலைத் தூக்கி இது மேல வைங்க சார். அந்தக் கால்தான் நல்லா இருக்கு" என்றார்.

கோட்டுக்காரர் வைத்தார். அந்தக் காலை நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்ல அவர் ஐம்பத்து இரண்டு வருஷம் காத்திருந்தார். சொன்னபோது அது அவர் காலாக இல்லை. பெட்டியின்மேல் அசையாமல் நின்றவருக்கு, தோளில்லாத ஐந்து கோட்டுகள் தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது போல மூச்சு முட்டியது.

ஒரே வாரத்தில் கடை வாசலில் ஆறடி உயரத்துக்கு அந்தக் கால் எழுந்து நின்றது. கோடை இங்கே நிற்கிறது என்று கீழே எழுதியிருந்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டும். பேண்ட்டுக்குள் இருக்கும் அசல் இடது கால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாக இழுக்கும்.

ஒரு சனிக்கிழமை மதியம் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மனைவி சாலையைக் கடந்து வருவதைப் பார்த்தார். காலையில் மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மூன்றாம் மாடியில் கோட்டோடு நிற்கிறார் என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் இருபத்து நான்கு வருஷமாக ஓடாத மனிதர் அன்றைக்கு ஓடினார். நான்காம் நம்பர் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது.

"மூணாம் மாடில கோட்டு செக்‌ஷன்ல இருப்பாரே, அவர் வீட்டுல இருந்து வரேன். கண்ணாடிய மறந்து வெச்சுட்டு வந்துட்டார்."

"அட, நீங்கதானா அது! வாங்க வாங்க, சார் இப்பதான் ட்ரையல் ரூம் பக்கம் போனார்" என்றது மேலாளரின் குரல். "கோட்டு செக்‌ஷன் மூடி மூணு மாசம் ஆச்சே, சார் சொல்லலையா? இப்ப அவர்தாம்மா இங்க ஹீரோ. வாசல்ல அவ்வளவு பெரிய போஸ்டர் இருக்கே, பாத்தீங்கல்ல? அது யார் கால்னு நெனச்சீங்க? உங்க வீட்டுக்காரர் கால்தான்!"

கோட்டுக்காரர் கதவில் காதை வைத்தார். அவளுக்குப் பொய் வராது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஆசையாகப் பாடிக் காட்டினால்கூட, சுருதி சேரவில்லை கண்ணு என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறவள். இது அவர் காலே இல்லை என்று இப்போது சொல்லப் போகிறாள். எல்லாம் முடிந்தது. முடிந்தால் முடியட்டும் என்றும் ஒரு மூலையில் இருந்தது.

"ஆமா" என்றாள் மனைவி. "அவர் காலேதான்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். யாரோ நெஞ்சில் உதைத்தது போலத்தான் இருந்தது. உலகம் முழுக்க அந்தக் காலை நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. ஆனால் அவள் நம்பக் கூடாது. அவளும் நம்பிவிட்டால் அசல் காலை வைத்துக்கொள்ள இந்த உலகத்தில் அவருக்கு இடமே இல்லை.

செருப்புச் சத்தம் ட்ரையல் ரூம் வரிசையில் மெதுவாக வந்தது. ஒவ்வொரு கதவின் அடியிலும் நின்று நின்று வந்தது. நான்காவது கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது. கதவுக்குக் கீழே இரண்டு ஷூக்கள் தெரிந்திருக்கும். அதில் இடது ஷூவின் குதி தரையில் படாமல் ஓர் அரை விரல் தூக்கி நிற்பதும் தெரிந்திருக்கும்.

"கதவைத் திறங்க" என்றாள்.

திறந்தார். அவள் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். ஷார்ட்ஸையும் பச்சை சாக்ஸையும் பார்த்தாள். மூன்று கண்ணாடியிலும் அவர் தலை குனிந்து நின்றார்.

"உக்காருங்க."

"உக்காரக் கூடாது. துணி கசங்கிடும்."

"கசங்கட்டும். உக்காருங்கன்னேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் தரையில் அமர்ந்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவினாள். நனைந்து தையல் விட்டிருந்த பஞ்சு சொதக்கென்று கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். "கோட்டுத் தோள்ல வெக்கிறதுதானே இது?" என்றாள். பிறகு காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் காலைக் குனிந்து பார்த்தாள். புண்ணைச் சுற்றி விரலால் தடவினாள்.

"இதுக்காகத்தான் என் கை வேண்டாம்னீங்களா?"

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வெளியே போகக் கூடாதே என்று சட்டை நுனியை வாயில் அடைத்துக்கொண்டார். அழுது முடித்ததும், "நீயும் நம்பிட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"மடியிலயே வெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? வாசல்ல பெருசா ஒட்டி வெச்சா மறந்துடுமா?"

"அப்ப ஏன் ஆமான்னு சொன்னே?"

"இல்லைன்னு நான் சொல்லக் கூடாது. என் காலா அது? நீங்க சொல்ல வேண்டியது" என்றாள். புண்மேல் மெல்ல ஊதிவிட்டு, "இன்னும் எத்தனை மாசம்?" என்று கேட்டாள்.

"இருபத்தொண்ணு."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் புண்மேல் சுற்றினாள். வெளியே கதவை இரண்டு முறை தட்டினார்கள். "சார், ரெண்டு கஸ்டமர் உங்களுக்காக நிக்கிறாங்க" என்றார் மேலாளர்.

கோட்டுக்காரர் எழுந்தார். மனைவி பஞ்சை மறுபடி சாக்ஸுக்குள் திணித்து, காலில் ஏற்றிவிட்டாள். பின்னால் போய்ப் பார்த்து, "கொஞ்சம் ஒருக்களிச்சிருக்கு, நேரா நில்லுங்க" என்று கெண்டையைச் சரிசெய்தாள். மூக்குக் கண்ணாடியை அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால் வெளியே போனாள்.

அவர் பின்னால் வந்தார். ஷார்ட்ஸ் மடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கசங்கிக் கிடந்தது, எந்த அட்டையிலும் இல்லாத கசங்கல். மேலாளர் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது? உக்காந்துட்டீங்களா?"

"ஆமா மேடம்" என்றார் கோட்டுக்காரர். வாசல் பக்கம் போன மனைவி நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே சொன்னார். "கால் வலிச்சுது. இடது கால்."

"ஓ, அந்த ஃபுட்பால் அடியா?" என்றார் மேலாளர், நிஜமான அக்கறையோடு. "பாத்துக்குங்க சார். சீக்கிரமா வேற ஒண்ணு மாத்திட்டு வந்துடுங்க, அவங்க காத்திருக்காங்க."

அலமாரியிலிருந்து இன்னொரு மணல் நிற ஷார்ட்ஸை எடுத்துக்கொண்டு அவர் நான்காம் நம்பர் அறைக்குத் திரும்பினார். மனைவி அதுவரை அங்கேயே நின்றிருந்தாள்.